மறை எனல் அறியாப் பருவம்: இலக்கியத்தில் கள்ளமின்மையையும் அதன் இழப்பையும் வாசிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழாகவும் பேருந்தின் பெயர்ப்பலகை மலையாளமாகவும் இருக்கும். பொள்ளாச்சிப் பாதையில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பலகையும் தமிழாகிவிடும். இந்த ஊர்களில் ஒன்றின் வாசகசாலையில், தமிழ் நூல்களுக்கென ஒரே ஓர் அலமாரி ஒதுக்கப்பட்டிருக்கும் மூலையில், மாதம் ஒருமுறை நாங்கள் சிலர் கூடி வாசிக்கிறோம். கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடும் ஜூன் 19 அன்று தொடங்கிய கூட்டம் இது. தமிழ் முதுகலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள், தமிழ்வழிப் பள்ளிகளில் பாடம் நடத்துபவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், தென்னந்தோப்பு வேலையை முடித்துவிட்டு வருபவர்கள் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

‘கள்ளமின்மையும் அதன் இழப்பும்’ என்ற பொருளில் கட்டுரை எழுதச் சொன்னபோது வந்து சேர்ந்தவை பெரும்பாலும் ஒரே கட்டுரையாக இருந்தன. குழந்தைப் பருவம் இனிமையானது என்று தொடங்கி, உலகம் கொடியது என்று முடிந்தன. நடுவில் வரும் கதையின் பெயர் மட்டும் மாறியது. சங்கப் பாட்டை எடுத்தவரும் மலையாள நாவலை எடுத்தவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்றால், இருவருமே பனுவலை வாசிக்கவில்லை, தலைப்பை மட்டுமே வாசித்திருக்கிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு படைப்பிலிருந்தும் அதற்கே உரிய கட்டுரையை எடுப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இவ்வழிகாட்டியின் நோக்கம். என் வழி ஒன்றே ஒன்றுதான்: கதையில் யார், எதை, யாரிடமிருந்து, முதன்முதலாக மறைக்கிறார்கள் என்று தேடுங்கள். மற்றவையெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கான பாதைகள்.

முதற்படி: எந்தச் சொல்லால் பேசப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் பொருளுக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை, பல சொற்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவையும் அல்ல. செய்தித்தாளில் வரும் ‘அப்பாவிப் பொதுமக்கள்’ என்பவர்கள் குற்றம் செய்யாதவர்கள். அவர்கள் சூது அறிந்தவர்களாகவும் இருக்கலாம். ‘வெள்ளந்தி’ என்றால் சூது அறியாதவர், ஆனால் அவர் எழுபது வயதுக்காரராக இருக்கலாம். ‘வெகுளி’யை இன்று வெள்ளந்தி என்ற பொருளிலேயே பேச்சில் வழங்குகிறோம், திருக்குறளின் 31ஆம் அதிகாரமான வெகுளாமையில் அச்சொல்லுக்குச் சினம் என்று பொருள். பழம்பாட்டில் இச்சொல்லைக் கண்டு ஏமாந்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருவர் உண்டு. ‘பேதை’ இன்னும் சிக்கலானது. பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவதான, ஐந்து முதல் ஏழு வயது வரையிலான சிறுமியும் பேதை. குறளின் 84ஆம் அதிகாரம் கடிந்துரைக்கும் அறிவிலியும் பேதை. குழந்தையையும் மூடரையும் ஒரே சொல்லால் அழைத்த மொழியில், அறியாமையைப் புகழ்கிறோமா பழிக்கிறோமா என்பதை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் தெளிவாக்கியே ஆக வேண்டும்.

எல்லைப்புறத்தில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சொல்லும் உண்டு. மலையாளத்தில் ஒருவரைப் ‘பாவம்’ என்றால், அவர் இரக்கத்துக்குரியவர் என்பதோடு சூதுவாது அற்றவர் என்றும் பொருள்படும். தமிழில் பாவம் என்பது இரக்கக் குறிப்பாகவும் வரும், செய்த தீவினையாகவும் வரும். ஒரே ஒலி ஒரு மொழியில் களங்கமற்றவரையும் மற்ற மொழியில் களங்கத்தையும் சுட்டுவதை நான் ஆறாம் வகுப்பில் அறிந்தேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

கட்டுரைக்கு நான் பரிந்துரைப்பது ‘கள்ளமின்மை’. கள்ளம், களவு, கள்வன் ஆகிய மூன்றும் ஒரு குடும்பச் சொற்கள். மூன்றிலும் மறைத்தல் என்ற பொருள் இருக்கிறது. அக இலக்கணம் ஊரறியாக் காதலைக் களவு என்றே பெயரிட்டழைக்கிறது. (எங்கள் சித்தூர் வட்டத்தில் பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள்ளை இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம், ஒரு மாணவர் சேர்த்து எழுதினார், படிக்கச் சுவையாகத்தான் இருந்தது.) கள்ளமின்மை என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்த மறுகணமே, தேட வேண்டியது எது என்பதையும் அச்சொல்லே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் படி: சொல்பவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்று அளந்துகொள்ளுங்கள்

இந்தப் படிக்குப் புறநானூற்றின் 243ஆம் பாடலை விடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது. பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பாட்டில் வரும் ஊன்றுகோலே அவருக்குப் பெயராகிவிட்டது. செறிந்த மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டி, குளத்தில் ஆடும் பெண்களோடு கைகோத்து, அவர்கள் தழுவியபோது தழுவி, அசைந்தபோது அசைந்து, மருத மரத்தின் நீரைத் தொடுமளவு தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மருள, ஆழமான மடுவில் துடுமெனப் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்த இளமையை அவர் நினைக்கிறார். அந்த இளமை இரங்கத்தக்கது, இப்போது எங்கே இருக்கிறதோ என்கிறார். அப்படிச் சொல்பவர், தண்டூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களை மட்டும் சொல்லக்கூடிய முதியவர்.

இப்பாட்டில் இரண்டு தொடர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ‘மறை எனல் அறியா மாயமில் ஆயம்’. மறைத்தல் என்பதே இன்னதென்று அறியாத, வஞ்சனையற்ற தோழர் கூட்டம் என்று அதற்குப் பொருள். கள்ளமின்மைக்கு இதனினும் சுருக்கமான வரையறையை நான் வேறெங்கும் படித்ததில்லை. நான் தேடச் சொல்லும் ‘முதல் மறைப்பு’ இத்தொடரிலிருந்து வந்ததுதான். மற்றொன்று, ‘கல்லா இளமை’. கற்காத இளமை என்றால், பின்னால் ஏதோ கற்கப்பட்டது என்றாகிறது. எது கற்கப்பட்டது என்பதைப் பாட்டு சொல்லவில்லை. இளமைக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட வாழ்நாள் முழுவதையும் அந்த முதியவர் விட்டுவிடுகிறார். இருமலுக்கு நடுவே சொல்லக்கூடிய சொற்கள் சிலவே என்பதால் விட்டாரா, சொல்ல விருப்பமின்றி விட்டாரா என்று ஒரு மாலை முழுவதும் நாங்கள் வாதிட்டிருக்கிறோம்.

சிறுவன் மணலை ஏன் அள்ளி வருகிறான் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. சித்தூர்ப் புழையில், சோகநாசினி என்று பெரியவர்கள் அழைக்கும் அந்த ஆற்றில், தண்ணீர் நிறைந்த மாதங்களில் பையன்கள் இன்றும் இதையே செய்கிறார்கள். அடியைத் தொட்டேன் என்று சொன்னால் கரையில் நிற்பவன் நம்பமாட்டான்; கையில் மணல் இருந்தால் நம்புவான். ஆக, மறைத்தலை அறியாத கூட்டத்தைப் பற்றிய பாட்டிலேயே சான்று காட்ட வேண்டிய தேவையும், வேடிக்கை பார்க்கும் கரையவரும் இருக்கிறார்கள். நினைவு என்பது வயதானவரின் கையால் ஒழுங்குபடுத்தப்பட்டது. குழந்தைப் பருவத்தைப் பற்றிய எந்தப் படைப்பிலும், சொல்பவரின் வயதையும், சொல்லப்படும் வயதையும், இடையில் சொல்லாமல் விடப்பட்ட காலத்தையும் ஒரு தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்ட பிறகே மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: முதல் மறைப்பைக் கண்டுபிடியுங்கள்

இவ்வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். நேரம் குறைவாக உள்ளவர்கள் வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

கலித்தொகையின் 51ஆம் பாடல், கபிலர் பாடிய குறிஞ்சிக்கலி. தலைவி தன் தோழியிடம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறாள். தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்தும், கூந்தலில் சூடிய மாலையை அறுத்தும், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை தந்த ஒரு பையன், பின்னொரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்று குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். பொற்கலத்தில் நீர் கொடுத்து வா என்று தாய் அனுப்புகிறாள். அவன் யாரென்று அறியாமல் போன தலைவியின் வளையணிந்த முன்கையை அவன் பற்றுகிறான். அவள் திடுக்கிட்டு, ‘அன்னாய், இவனொருவன் செய்தது காண்’ என்று கூவுகிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். அப்போது தலைவி சொல்வது, ‘உண்ணு நீர் விக்கினான்’. தண்ணீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கிக்கொண்டது என்று தாய் நம்பி, அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ தலைவியைக் கடைக்கண்ணால் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான். பாட்டு ‘கள்வன் மகன்’ என்ற வசையோடு முடிகிறது. அந்த வசையில் கோபம் எவ்வளவு, வேறொன்று எவ்வளவு என்பதைத் தோழி மட்டுமே அறிவாள்.

‘செய்தது காண்’ என்பதற்கும் ‘விக்கினான்’ என்பதற்கும் இடையே உள்ளது தாய் உள்ளிருந்து வாசலுக்கு வரும் நேரம் மட்டுமே. முதல் சொல்லைச் சொன்னவள் எல்லாவற்றையும் தாயிடம் சொல்லும் சிறுமி. இரண்டாம் சொல்லைச் சொன்னவளுக்குத் தாயறியாத ஓர் உள்ளம் இருக்கிறது. அந்த இடைவெளியில் என்ன நிகழ்ந்தது என்று கபிலர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கட்டுரை எழுதுபவர் சுட்டிக்காட்ட வேண்டிய இடம் இதுவே. ‘அவள் காதல்வயப்பட்டாள்’ என்று எழுதி அந்த இடைவெளியை மூடிவிடாதீர்கள்.

எங்கள் கூட்டத்தில் இப்பாட்டைப் படித்தபோது ஓர் ஆசிரியை கடுமையான மறுப்பு ஒன்றை எழுப்பினார். விருப்பம் கேளாமல் கையைப் பற்றியவனை, பாதிக்கப்பட்ட பெண்ணே பொய் சொல்லிக் காப்பாற்றும்படி ஒரு கவிஞர் எழுதி வைத்திருப்பதை இனிய காதல் என்று வகுப்பில் கற்பிக்கலாமா என்று கேட்டார். பாட்டில் ‘நலிய’ என்ற சொல் இருக்கிறது. அது வருத்துவதைக் குறிப்பது. மரபான உரை இதைக் களவின் தொடக்கமாகப் படிக்கிறது, அந்த வாசிப்புக்குப் பாட்டில் ஆதாரம் உண்டு. ஆனால் அந்த ஆசிரியையின் கேள்விக்கும் பாட்டிலேயே இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன். முதல் மறைப்பு யாருக்காகச் செய்யப்படுகிறது, அதனால் பயன் பெறுபவர் யார் என்பதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

உலகப் பெருங்கதைகளிலும் இந்த இடம் இருக்கிறது. விவிலியத்தின் ஆதியாகமத்தில் விலக்கப்பட்ட கனியைத் தின்ற ஆதாமும் ஏவாளும் முதலில் செய்வது அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொள்வது, அடுத்துச் செய்வது மரங்களுக்கிடையே ஒளிந்துகொள்வது. உண்டது ஒரு செயல். மறைத்ததும் மறைந்ததுமே கள்ளமின்மை போயிற்று என்பதற்கான அடையாளங்கள்.

மறைப்பு எப்போதும் பொய்யாகத்தான் வரும் என்பதில்லை. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில், குழந்தைகள் மாமா என்று அழைக்கும் கதைசொல்லி பிற குழந்தைகளுக்குத் தந்த பரிசு சாரங்கனுக்கு மட்டும் கிடைக்காமல் போகிறது. அவன் அழவில்லை. பின்னர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் உபசரித்து, தானே வைத்திருந்த ஒரு டைரியை நீட்டி, அதை அவர் தனக்கு அன்பளிப்பாகத் தந்ததாக எழுதித் தரச் சொல்கிறான். ஏமாற்றத்தை வெளிக்காட்டாமல் வைத்திருக்கக் கற்றுக்கொண்ட சிறுவன் அவன். கொடுக்கப்படாத பரிசைக் கொடுக்கப்பட்டதாக்கும் அந்தச் சிறு ஏற்பாட்டில் வஞ்சனை துளியும் இல்லை. ஆனால் அவன் இனி ‘மறை எனல் அறியா’தவனும் இல்லை. இந்தக் கதையைப் பற்றி எழுதும்போது சாரங்கனைப் ‘பாவம் குழந்தை’ என்று எழுதிவிட்டால் கதை கைநழுவிப் போகும். டைரியில் எழுதும் பெரியவருக்கு அந்த நொடியில் தன்னைப் பற்றித் தெரியவரும் செய்தி, சிறுவன் அறிந்துகொண்டதைக் காட்டிலும் பெரியது.

நான்காம் படி: பிற இழப்புகளைப் பிரித்து வையுங்கள்

பாரி மகளிரின் ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்’ என்னும் புறநானூற்று 112ஆம் பாடலை இத்தலைப்பின் கீழ் எழுதாதவர் குறைவு. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் பிறர் கையில் போகவில்லை. இன்றைய நிலவில் குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. இது துயரத்தின் உச்சம்தான். ஆனாலும் இதைக் கள்ளமின்மையின் இழப்பு என்று சொல்ல மாட்டேன். அப்பெண்கள் இழந்தவை தந்தையும் நாடும். அவர்களின் பேச்சில் மறைப்பு எதுவும் நுழையவில்லை. எல்லாத் துன்பத்தையும் இத்தலைப்பில் கொண்டுவந்து கொட்டினால் தலைப்புக்குப் பொருளே இல்லாமல் போகும்.

இதற்கு நேர்மாறாக, துன்பக் குறிப்பு மெல்லியதாகவும் இழப்பு உறுதியானதாகவும் இருப்பது நற்றிணை 110, போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, பூச்சுற்றிய சிறு கோலைக் காட்டி, உண் என்று செவிலித்தாயர் மிரட்ட, முத்துப் பரல் இட்ட சிலம்பு ஒலிக்கப் பந்தரில் ஓடி அவர்களைக் களைக்க வைத்த விளையாட்டுப் பெண், இன்று கணவன் வீட்டில் வறுமை வந்தபோது தந்தையின் வளமான சோற்றை நினைத்தும் பாராமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். ‘அறிவும் ஒழுக்கமும் யாண்டு உணர்ந்தனள்கொல்’ என்று வளர்த்தவள் வியக்கிறாள். எங்கே கற்றாள், எப்போது கற்றாள் என்று வளர்த்தவளுக்கே தெரியவில்லை. வறுமையைப் பிறந்த வீட்டுக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் ஒரு மறைப்பே; அதை அறிவும் ஒழுக்கமும் என்று பாட்டு புகழ்கிறது. பிறந்த வீட்டுக்குச் சொல்லாமல் பட்டினி கிடப்பது புகழத்தக்கதா என்று இன்றைய வாசகர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

ஐந்தாம் படி: அறியாமையால் யாருக்கு ஆதாயம் என்று கேளுங்கள்

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1789இல் கள்ளமின்மையின் பாடல்களையும், 1794இல் அவற்றோடு அனுபவத்தின் பாடல்களைச் சேர்த்து ஒரே தொகுப்பையும் வெளியிட்டார். இரண்டு பகுதியிலும் புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பற்றி ஒரே தலைப்பில் கவிதை உண்டு. முதல் கவிதையில் ஒரு சிறுவன், தேவதூதர் வந்து சவப்பெட்டிகளைத் திறந்து தங்களை விடுவிப்பதாகக் கனவு கண்டு, மறுநாள் குளிரில் நிம்மதியோடு வேலைக்குப் போகிறான். கடமையைச் செய்பவருக்குத் தீங்கு வராது என்று அவன் நம்புகிறான். இரண்டாம் கவிதையில் பனியில் நிற்கும் சிறுவன், தான் மகிழ்ந்து ஆடிப்பாடுவதைக் கண்டு தனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று பெற்றோர் எண்ணிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், முதல் கவிதையின் நிம்மதியால் பயன் பெற்றவர்கள் யார் என்பது விளங்கும். வேலை வாங்குபவர்களுக்கு வெள்ளந்தியான வேலைக்காரன் எப்போதும் வசதியானவன்.

தமிழில் இந்தப் படிக்கு நான் முதலில் எடுப்பது பாமாவின் ‘கருக்கு’, 1992இல் வெளிவந்த தன்வரலாற்று நூல். பள்ளி முடிந்து வேடிக்கை பார்த்தபடி வீடு திரும்பும் சிறுமி, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தாங்காமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, நிலவுடைமைக்காரரிடம் குனிந்து கொடுப்பதைப் பார்க்கிறாள். அந்தக் காட்சி அவளுக்குச் சிரிப்பூட்டுகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடித்துக் காட்டிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, தாழ்த்தப்பட்ட சாதியார் தொட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அப்படித் தூக்கி வந்தார் என்று சொல்கிறார்.

இங்கே சிறுமி எதையும் மறைக்கவில்லை. ஊரே ஒன்றாகச் சேர்ந்து அவள் கண் முன்னால் வைத்து மறைத்திருந்ததை அண்ணன் திறந்து காட்டுகிறார். மறைப்பவர் யார் என்ற கேள்விக்குச் சில படைப்புகளில் தனிமனிதர் விடையாக மாட்டார், சமூக அமைப்பே விடையாகும். இன்னொன்றையும் கவனியுங்கள். நிலவுடைமைக்காரர் வீட்டிலும் அதே வயதுக் குழந்தை இருந்திருக்கும். அந்தக் குழந்தை இதே காட்சியை நாள்தோறும் பார்த்தும், எவரும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையின்றி, பல ஆண்டுகள் ‘கள்ளமற்று’ வளர்ந்திருக்கலாம். சிலருக்குக் கள்ளமின்மை நீண்டகாலம் வாய்ப்பதற்குக் காரணம், அதன் விலையைப் பிறர் கொடுத்துக்கொண்டிருப்பதே. குழந்தைப் பருவத்தின் பொற்காலம் என்று பொதுவாக எழுதும் முன் இதை எண்ணிப் பாருங்கள். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வயல்வேலைக்கும் மாடு மேய்க்கவும் போன குழந்தைகளிடம் அந்தப் பொற்காலத்தைப் பற்றிக் கேட்டவர் இல்லை.

ஆறாம் படி: மொழி மாறும் இடத்தில் நின்று பாருங்கள்

வைக்கம் முகம்மது பஷீரின் ‘பால்யகால சகி’ 1944இல் வந்த சிறு நாவல், குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் படிக்கலாம். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் எத்தனை என்று வாத்தியார் கேட்க, மஜீத் ‘கொஞ்சம் பெரிய ஒன்று’ என்கிறான். இரண்டு சிற்றாறுகள் கூடிப் பெரிய ஓர் ஆறாவதைப் பார்த்தவன் அவன். மூலத்தில் வரும் ‘இம்மிணி’ என்ற சொல், நம்முடைய ‘இம்மி’யை நினைவூட்டுவதால், இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு அந்த விடை மொழிபெயர்க்காமலே இனிக்கும். மனத்தில் தோன்றியதை அப்படியே சொல்லும் சிறுவனோடு தொடங்கும் இந்நூல், மஜீத் விடைபெற்ற கடைசி நேரத்தில் சுகறா சொல்ல வாயெடுத்துச் சொல்லாமலே போன ஒன்று என்னவாக இருக்கும் என்ற கேள்வியோடு முடிகிறது. தொடக்கத்தையும் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூல் முழுவதும் பயணம் செய்த தொலைவு தெரியும்.

நான் சொல்வதாக ஒப்புக்கொண்ட கதை இதுதான். தமிழ்வழியில் ஐந்தாம் வகுப்பு முடித்து, மலையாளம் பேசும் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு மாறியபோது, ஆசிரியர் என்னைப் பற்றி ‘அவன் பாவம்’ என்று சொன்னார். தீவினை செய்தவன் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்து, நான் எந்தப் பாவமும் செய்யவில்லை என்று எழுந்து நின்று தமிழில் சொன்னேன். வகுப்பு சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்று மாலை வீட்டில், பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று அம்மா கேட்டதற்கு, நன்றாக இருந்தது என்றேன். அதன்பின் இரண்டு ஆண்டுகள் வகுப்பில் தமிழ் தெரியாதவன்போல் இருந்தேன். என் ‘விக்கினான்’ அதுதான்.

எல்லைப்புற வாசகர்களுக்கு ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ பக்கத்து ஊர்க் கதை. 1969இல் நூலாக வந்த அதன் களம், பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக். அங்கே இன்று விஜயனுக்கு நினைவகம் இருக்கிறது. யூமா வாசுகி தமிழில் தந்துள்ளார். இந்நாவல் நம் படிகளைத் தலைகீழாக்குகிறது. ஓராசிரியர் பள்ளி நடத்த வரும் ரவி, சிற்றன்னையோடு நேர்ந்த உறவின் குற்றவுணர்வை உள்ளே வைத்துக்கொண்டே பேருந்திலிருந்து இறங்குகிறான். மறைப்பு கதைக்கு முன்பே முடிந்துவிட்டது. அவனுடைய பள்ளியில் குழந்தைகளோடு உட்காரும் அப்புக்கிளி, உடலால் வளர்ந்தும் மனத்தால் வளராதவன், தும்பி பிடித்துத் திரிபவன். ஊரில் மறைக்கத் தெரியாதவன் அவன் ஒருவனே. இழந்தவன் ஒருவன் இழக்கவே முடியாத ஒருவனுக்குப் பாடம் சொல்லித் தரும் வகுப்பறையைப் பற்றி எழுதாமல், பனைகளையும் காற்றையும் மட்டும் வருணித்து முடிக்கும் கட்டுரைகளைப் பலமுறை படித்துவிட்டேன்.

ஏழாம் படி: ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், எதிர்ச்சான்றையும் தேடுங்கள்

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவே பேருந்து. ஏறி நின்று ஆடி, டிக்கெட் கொடுத்து ஊர் ஊராகப் போகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கதவை இழந்த வீட்டில் வறுமை எதையும் மறைக்க இயலாது என்பதையும், கதவு என்ற பொருளே மறைப்பதற்கானது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பின்னால் கேட்பாரற்றுக் கிடக்கும் அக்கதவைப் பிள்ளைகள் கண்டு கட்டிக்கொள்கிறார்கள். இதுபோல் மணல், நீர்க்கலம், டைரி, பொட்டலத்தின் நூல் என்று ஒவ்வொரு படைப்பிலும் ஒரு பொருள் கிடைக்கும்.

எதிர்ச்சான்றுக்கு அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ போதும். ஆதரவற்ற சிறுவன் ராஜாவைத் தாயம்மாள் குளிப்பாட்டி, துணி கொடுத்து, தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். தன் வீட்டுக்கு ஜமீன் ராஜா வந்திருப்பதாகப் பெருமையடிக்கும் பணக்காரப் பையனிடம், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சிறுமி சொல்கிறாள். அவளிடம் எதுவும் இழக்கப்படவில்லை. படிப்பவரின் நெஞ்சில்தான் ஏதோ உடைகிறது. இழப்பு பாத்திரத்துக்கா வாசகருக்கா என்று கேட்க மறப்பவர்கள் இக்கதையைச் சோகக்கதை என்று வகைப்படுத்திவிடுகிறார்கள்.

எட்டாம் படி: எழுதுங்கள்

படைப்பின் அறிமுகம், ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம் என்று தொடங்காமல், முதல் மறைப்பு நிகழும் வரியிலேயே கட்டுரையைத் தொடங்குங்கள். கலித்தொகையை எடுத்தால், ‘இரண்டு கூற்றுகளுக்கு நடுவே ஒரு தாய் ஓடி வருகிறாள்’ என்பது நல்ல முதல் வாக்கியம். அதன்பின் பின்னோக்கிச் சென்று, மறைப்பதற்கு முன் அந்தப் பாத்திரம் எப்படிப் பேசியது என்பதைப் பாட்டிலிருந்தோ கதையிலிருந்தோ சான்றோடு காட்டுங்கள். அடுத்து, மறைப்பால் ஆதாயம் அடைந்தவர் யார் என்பதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள். ‘சமூகம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு இந்தப் பத்தியை முடித்துக்கொள்வது சோம்பல். ஒப்பிடுவதானால் இரண்டு படைப்புகளுக்கு மேல் வேண்டாம். சங்கப் பாட்டு ஒன்றும் இக்காலக் கதை ஒன்றும் இருந்தால் போதும். ‘இனிமை’, ‘பரிசுத்தம்’, ‘கொடிய உலகம்’ ஆகிய சொற்களை முதல் வரைவில் எழுதிவிட்டால் பரவாயில்லை, இரண்டாம் வரைவில் அவை ஒவ்வொன்றும் பனுவலின் எந்த வரியிலிருந்து வந்தது என்று கேட்டு, வரி கிடைக்காதவற்றை அடித்துவிடுங்கள்.

எழுத உட்காரும் முன் ஒரு பயிற்சி உண்டு. உங்கள் வாழ்க்கையில் வீட்டாரிடம் நீங்கள் முதன்முதலாக மறைத்தது எது என்பதை ஒரு தனித்தாளில், நிகழ்ந்த இடத்தையும் சொன்ன சொல்லையும் குறிப்பிட்டு, அரைப் பக்கம் எழுதுங்கள். அதை எழுதியபின் அறிமுகப் பத்திகள் தாமாகவே சுருங்கிவிடுவதை எங்கள் கூட்டத்தில் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தத் தாளைக் கட்டுரையோடு இணைக்க வேண்டியதில்லை. நாங்கள் அதைக் கேட்டு வாங்குவதும் இல்லை.